கொள்ளைநோய்க் காலத்தில் காவிரிக்கரை

மேட்டூர் அணை 2022ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் நடுவில் தன் முழு நீர்மட்டமான 120 அடியை எட்டிற்று. அதன்பின் வந்த நீரெல்லாம் வந்தவாறே வெளியேற்றப்பட்டது. ஆகஸ்டின் முதல் வாரத்தில் அந்த வெளியேற்றம் விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடியளவுக்கு உயர்ந்தபோது, எடப்பாடி வட்டத்தின் மேற்கெல்லையாக ஓடும் காவிரியின் இரு மருங்கிலும் அபாய அறிவிப்பு ஒலித்தது. ஆற்றின் போக்கில் கீழே குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் தாழ்ந்த தெருக்களில் குடியிருந்த ஜனங்கள் பாத்திர பண்டங்களையும் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் தஞ்சம் புக வேண்டியதாயிற்று. கொரோனா அப்போது நாட்டைவிட்டு நீங்கியிருக்கவில்லை. ஜூலையின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் நாளொன்றுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு நோய் உறுதியாகிக்கொண்டிருந்தது. பொது இடங்களில் முகக்கவசம் அணியாதவருக்கு அபராதம் என்ற உத்தரவும் மீண்டும் உயிர் பெற்றிருந்தது. ஆடிப்பெருக்கன்று காவிரியில் நீராடுவதை 2020இலும் 2021இலும் வியாதி தடுத்தது. மூன்றாம் ஆண்டில் பல துறைகளில் வெள்ளமே தடுத்தது.

அந்தச் சந்தர்ப்பம் பெருந்தீங்கின்றிக் கழிந்ததை நிர்வாகத்தின் முன்யோசனைக்கு மட்டும் சான்றாகக் கொள்ளுதல் நியாயமாகாது. நோயின் உக்கிரம் அதற்குள் தணிந்திருந்தது. ஜனங்களில் பெரும்பாலோர் தடுப்பூசியும் செலுத்திக்கொண்டிருந்தனர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை வேறு. 2020 ஆகஸ்டின் முதல் வாரத்தில், குடகு நாட்டில் தலைக்காவேரிக்கு அருகே மலை சரிந்து கோயில் அர்ச்சகரின் வீட்டை மண்ணில் மூடுமளவுக்கு மழை கொட்டியபோது, தமிழ்நாடு முதல் அலையின் உச்சியில் நின்றது. ஜூலை 27ஆம் தேதி ஒரே நாளில் 6,993 பேருக்கு நோய் கண்டிருந்தது. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் அவ்வாண்டு நிறைய இடமிருந்தமையால் வந்த வெள்ளத்தையெல்லாம் அது வயிற்றில் வாங்கிக்கொண்டது; கரையோர ஜனங்கள் வீட்டைவிட்டு வெளியேறும் அவசியம் நேரவில்லை. அணை நிரம்பியிருந்த ஆண்டில் அந்த மழை பெய்திருக்குமாயின் நேர்ந்திருக்கக் கூடியது என்ன என்ற கேள்வி வெறும் கற்பனையன்று. 2018இலும் 2022இலும் கண்ட வெள்ளத்தையும் 2020இல் கண்ட வியாதியையும் ஒரே ஆடி மாதத்தில் வைத்துப் பார்ப்பதே அது.

வெள்ளம் மனிதரைக் கூட்டுகிறது; தொற்றுநோய் மனிதரைப் பிரிக்கிறது. மேடான இடத்தில் உறுதியான கூரையுள்ள ஒரு கட்டிடத்தைத் தேர்ந்து, அதற்குள் இயன்ற அளவு ஜனங்களைச் சேர்ப்பதே நூறாண்டுகளாக நாம் பயின்றுவந்த வெள்ள நிவாரணம். வீட்டுக்குள் இரு, பிறரிடமிருந்து ஆறடி விலகு, காற்றோட்டமில்லாத இடத்தில் கூடாதே என்பது கொரோனா கற்பித்த பாடம். சட்டங்களைப் பொறுத்தவரையில் இவ்விரண்டும் எளிதில் கைகோத்துக்கொண்டன. பம்பாயில் பிளேக் பரவியபோது இயற்றப்பட்ட 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டமும், சுனாமிக்குப் பின் பிறந்த 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் 2020 மார்ச்சில் ஒருங்கே பிரயோகிக்கப்பட்டன. இரண்டு சட்டங்கள் ஒரு விபத்தைச் சந்திக்கத் தெரிந்துகொண்டன. இரண்டு விபத்துகளை ஒரு சட்டமோ ஒரு தாசில்தாரோ ஒரே இரவில் சந்திப்பது எவ்வாறு என்பதுதான் தெளிவாகவில்லை.

இந்தப் பிரச்சினையை நேர்முகமாகச் சந்தித்தவர்கள் வங்காள விரிகுடாவின் வடகரையினர். 2020 மே 20ஆம் தேதி ஆம்பன் புயல் சுந்தரவனத்தை ஒட்டிக் கரையேறுமுன், வங்கதேசம் ஏறக்குறைய 24 லட்சம் பேரை இடம்பெயர்த்தது. வழக்கமாக நாலாயிரத்துச் சொச்சமாக இருந்த புகலிடங்களைப் பள்ளி கல்லூரிகளையெல்லாம் சேர்த்துப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் பெருக்கிற்று. ஒடிசாவிலும் மேற்கு வங்கத்திலும் புயலுக்கென்று கட்டிய புகலிடங்கள் பல, வெளிமாநிலங்களிலிருந்து திரும்பிய கூலியாட்களைத் தனிமைப்படுத்தி வைக்கும் இடங்களாக அதற்கு முன்பே மாறியிருந்தன. புயலுக்கு ஓடி வந்தவனுக்குத் திறக்க வேண்டிய கதவு வியாதிக்கு அஞ்சி அடைபட்டிருந்தது. அவ்வாண்டு நவம்பரில் நிவர் புயல் புதுச்சேரியை அடுத்துக் கரையைக் கடந்தபோது, எடப்பாடித் தொகுதியின் உறுப்பினரே தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்தார். பல மாவட்டங்களுக்குப் பொது விடுமுறை அறிவித்துப் பேருந்துகளை நிறுத்தி, இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோரை முகாம்களில் சேர்த்தது அவருடைய அரசாங்கம். உயிர்ச்சேதம் மிகக் குறைவு. ஆனால் கடற்கரையின் அனுபவத்தை ஆற்றங்கரைக்கு அப்படியே கொண்டுவர முடியாது. காவிரியின் கால அளவு வேறு.

புயல் தன் பாதையை மாற்றிக்கொள்ளும், கணித்தவரை ஏமாற்றும். காவிரி வெள்ளமோ படிப்படியாக, ஒவ்வொரு வாசலிலும் அளந்து சொல்லப்பட்டு வருவது. கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜசாகர அணைகள் நிரம்பித் திறக்கும் நீர் இரண்டொரு நாளில் பிலிகுண்டுலுவை அடைகிறது. மத்திய நீர்வள ஆணையத்தார் அங்கே அதை அளக்கிறார்கள். ஒகேனக்கல்லைக் கடந்து மேட்டூரில் சேர்ந்து, அங்கே நிரம்பிய பின்பே பதினாறு கண் மதகு வழியாக அது வெளியேறுகிறது. அதன்பின் செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை முதலிய கதவணைகளையும் தாண்ட வேண்டும். நெருஞ்சிப்பேட்டைக் கதவணையில் தேங்கும் நீரில்தான் பூலாம்பட்டிக்கும் அக்கரைக்கும் இடையே படகுகள் ஓடுகின்றன. மேலே நீர் திறப்பு மிகும்போது அந்தப் படகுப் போக்குவரத்து நின்றுவிடும். கரையில் இருப்பவனுக்கு அதைவிடத் தெளிவான முன்னறிவிப்பு வேண்டியதில்லை. 1924ஆம் ஆண்டு ஜூலையில் காவிரி பெருகியபோது மேட்டூர் வாசல் இருக்கவில்லை; அடுத்த ஆண்டு தொடங்கிய மேட்டூர்த் திட்டம் 1934 ஆகஸ்டில்தான் நிறைவெய்திற்று. இன்றோ குடகில் மழை பெய்வதற்கும் குமாரபாளையத்து வாசற்படியில் நீர் ஏறுவதற்கும் இடையே நமக்கு நாட்கணக்கில் அவகாசம் கிடைக்கிறது. இந்த அவகாசத்தை நாம் எதற்குச் செலவிடுகிறோம் என்பதே இக்கட்டுரையின் விஷயம். அதில் பெரும்பகுதி, எச்சரிக்கை விடுத்துவிட்டுக் காத்திருப்பதிலும், கடைசிச் சில மணி நேரத்தில் எல்லாரையும் ஒரே கட்டிடத்துக்கு விரட்டுவதிலும் கழிகிறது என்பது என் அபிப்பிராயம்.

கட்டிடத்தைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் வெளியிட்ட நிவாரண விதிகளின்படி, முகாமில் ஓர் ஆளுக்கு மூன்றரைச் சதுர மீட்டர் இடம் அளிக்கப்பட வேண்டும். ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டு, அதைச் சுற்றி ஒருவர் நடந்து வருகிற அளவு என்று வைத்துக்கொள்ளலாம். இருபதடிக்கு இருபதடி உள்ள வகுப்பறையில் இந்தக் கணக்குப்படி பத்துப் பேரே தங்கலாம். ஐந்து அறைகள் உள்ள ஊராட்சிப் பள்ளியொன்று ஐம்பது பேரோடு நிரம்பிவிடும். இந்த அளவை உள்ளபடி கடைப்பிடித்திருந்தால், வியாதிக் காலம் புதிதாகக் கேட்ட ஆறடி இடைவெளி ஏறக்குறைய அதிலேயே அடங்கியிருக்கும். கொரோனா கேட்டது அபூர்வமான சலுகையன்று; ஏட்டில் முன்பே எழுதிவைத்த மரியாதையையே அது கேட்டது. மற்றொரு சங்கடமும் உண்டு. 2021 மே மாதத்தில் இரண்டாம் அலை தாக்கியபோது சேலத்து அரசு மருத்துவமனை போதாமல், உருக்காலை வளாகத்திலேயே ஆக்சிஜன் படுக்கைகள் அமைக்க நேர்ந்தது. கல்லூரி விடுதிகளும் மண்டபங்களும் சிகிச்சை மையங்களாயின. வெள்ளத்துக்கு என்று மனத்தில் குறித்துவைத்த கட்டிடங்களும் வியாதிக்கு என்று எடுத்துக்கொண்ட கட்டிடங்களும் ஒரே இனத்தவை. ஓர் ஊரில் பெரிய கூரைகள் எத்தனை இருக்கக்கூடும்?

சேலம் ஜில்லாவுக்கு இது புதிய அனுபவமும் அன்று. 1876, 77ஆம் ஆண்டுகளின் தாது வருஷப் பஞ்சத்தைக் கொங்கு நாட்டுக் கிழவர்கள் தாது வருஷத்துக் கரிப்பு என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். மழை பொய்த்து, கிணறு வற்றி, தானியம் அருகிப்போனபோது சர்க்கார் நிவாரண முகாம்களையும் கஞ்சித் தொட்டிகளையும் ஏற்படுத்திற்று. வேலைத் தலங்களில் ஜனங்களைத் திரளாகக் கூட்டிக் கூலி கொடுத்தது. அந்தக் கூலி எவ்வளவு குறையலாம் என்பதைப் பற்றி இந்திய சர்க்காரின் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்டு டெம்பிளுக்கும், சென்னை மாகாண சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷுக்கும் இடையே நடந்த விவாதம் பிரசித்தம். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்றார் டெம்பிள், அது உயிரைக் கொல்லும் அளவு என்றார் கார்னிஷ். அவர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கையிலேயே வாந்திபேதி கூட்டத்துக்குள் நுழைந்தது. பசியால் வற்றிய உடல்களும், ஒரே குளத்து நீரும், நெருங்கிப் படுத்த முகாம்களும் சேர்ந்தபின் அதற்கு வேறென்ன வேண்டும்? 1877ஆம் ஓராண்டில் மட்டும் சென்னை மாகாணத்தில் வாந்திபேதியால் இறந்தவர்களாகப் பதிவானோர் மூன்றரை லட்சத்துக்கு மேல். 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்த சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை, 1881இல் 16 லட்சத்துக்குச் சுருங்கியது. பஞ்சம் கொன்றது எத்தனை, வியாதி கொன்றது எத்தனை என்று பிரித்துச் சொல்ல இயலாது. அந்தப் பிரிவினையே பொருளற்றது. சோறு இருந்த இடத்துக்குப் போனவனை அந்த இடமே மாய்த்தது.

அதன்பின் அமைந்த 1880ஆம் ஆண்டுப் பஞ்சக் கமிஷன் இதைக் கவனியாமல் விடவில்லை. உழைக்க இயலாதவருக்கு அளிக்கும் உதவியை முகாமுக்கு வரவழைத்துக் கொடுப்பதைவிட, அவரவர் கிராமத்தில், அவரவர் வீட்டில், தானியமாகவோ பணமாகவோ கொடுப்பதே மேல் என்ற கொள்கை அதன் அறிக்கையிலும், அதைத் தொடர்ந்து வந்த பஞ்ச விதிகளிலும் இடம் பெற்றது. நமது பேரிடர் நிர்வாகம் பஞ்ச விதிகளின் வழித்தோன்றல் என்பதை அறிந்தோர், மூத்தவர் கண்டுபிடித்த இந்த ஓர் உண்மையை மட்டும் வாரிசு எப்படிக் கைதவற விட்டான் என்று வியக்கவே செய்வர்.

பிளேக் வந்த காலமோ இதற்கு நேர்மாறான பாடத்தைக் கற்பித்தது. 1898இல் பெங்களூரைப் பிடித்த அந்நோய், அன்று சேலம் ஜில்லாவோடு சேர்ந்திருந்த ஓசூர்ப் பகுதிக்கு எல்லை தாண்டி வர வெகுகாலம் ஆகவில்லை. வீட்டில் எலி செத்து விழுந்தால் ஊரைக் காலி செய்வது, வயலில் ஓலைக் கொட்டகை போட்டுக்கொண்டு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்குவது என்பது சர்க்கார் உத்தரவாகவும், பிறகு ஜனங்களின் வழக்கமாகவும் ஆயிற்று. கோயம்புத்தூரில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் உண்டு. எலியின் உடலிலிருந்து மனிதனுக்கு நோயைக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி என்று பிரெஞ்சு வைத்தியர் சிமோன் 1898இல் கராச்சியில் கண்டு சொன்னார். விஞ்ஞான உலகம் அதை ஒப்புக்கொள்ளச் சில ஆண்டுகள் பிடித்தன. தெள்ளுப்பூச்சியைப் பற்றி ஒன்றும் அறியாத குடியானவனோ வீட்டைவிட்டு வெட்டவெளிக்குப் போனவர்கள் பிழைத்ததைக் கண்ணால் கண்டான். அங்கே இடம்பெயர்தலே மருந்தாயிற்று. அதே காரியத்தைப் போலீஸையும் பட்டாளத்தையும் வைத்து வீடு புகுந்து செய்த பூனாவில், 1897 ஜூனில் பிளேக் அதிகாரி ராண்டு சுடப்பட்டார் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். பெயர்ப்பவனுக்கும் பெயர்பவனுக்கும் இடையே நம்பிக்கை இல்லாவிடில், அறிவுள்ள உத்தரவும் உபத்திரவமாகவே தோன்றும்.

ஒன்று கூட்டி வைத்துக் கெட்ட அனுபவம். மற்றொன்று பிரிந்து போய்ப் பிழைத்த அனுபவம். எடப்பாடிச் சீமையின் குடியிருப்பு அமைப்பு இயல்பாகவே இரண்டாவதற்கு ஏற்றது. தஞ்சைச் சீமையைப் போல வீடுகள் ஒரே தெருவில் தோளோடு தோள் உரசி நிற்கும் கிராமங்கள் இங்கே எங்கும் பரவியிருக்கவில்லை. காடு என்றால் இங்கே விளைநிலம். காட்டுக்குள் அங்கங்கே நாலு வீடு, பத்து வீடு என்று சிதறிக் கிடக்கும். காட்டுவளவு என்றும், கொட்டாய் என்றும் முடியும் ஊர்ப்பெயர்களே அதற்குச் சாட்சி. பங்காளி வீடு இரண்டு மைல், மாமன் வீடு நாலு மைல், அப்பச்சி வீடு பூலாம்பட்டியில் இல்லாவிட்டால் சங்ககிரிப் பக்கம் என்று உறவின் கூரைகள் மேட்டு நிலத்திலெல்லாம் இறைந்திருக்கின்றன. இரண்டு நாள் முன்பே தெரிந்த வெள்ளத்துக்கு, ஆடு மாடுகளையும் ஓட்டிக்கொண்டு அங்கே போய்விடுவதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை; நிலமுள்ள குடிகள் அவ்வாறே செய்துகொள்கிறார்கள். மாட்டை விட்டுவிட்டு மண்டபத்துக்கு வா என்றால் மட்டும் எந்தக் குடியானவனும் நகரமாட்டான்.

பெருங்கூட்டத்தை ஒழுங்காக நடத்திச் செல்லும் திறமைக்கும் இவ்வூரில் பஞ்சமில்லை. தைப்பூசத்தை ஒட்டி எடப்பாடிப் பருவதராஜகுலத்தார் ஆயிரக்கணக்கில் காவடியெடுத்துப் பழனிக்கு நடந்து சென்று, வேறெவருக்கும் இல்லாத உரிமையாக மலைமேல் ஓரிரவு தங்கி, டன் கணக்கில் பஞ்சாமிர்தம் கிண்டுவதைத் தமிழ்நாடே அறியும். மீன்பிடித்தலும் படகும் குலத்தொழிலாக உடையவர்கள் அவர்கள். ஆறும் தெரியும், கூட்டத்துக்குச் சமைக்கவும் தெரியும். வெள்ள காலத்து ஆலோசனைக் கூட்டத்தில் எல்லா இலாகாக்களுக்கும் நாற்காலி உண்டு. இப்படிப்பட்டவர்களுக்கும் ஒன்று போட்டால் கெடுதல் வராது.

ஆனால் காட்டுக் கொட்டாய் இல்லாதவன் எங்கே போவான்? குமாரபாளையத்தில் இந்திரா நகர், மணிமேகலை வீதி, கலைமகள் வீதி என்று ஒவ்வொரு பெருவெள்ளத்திலும் அதே பெயர்கள்தாம் பத்திரிகைகளில் வருகின்றன, பள்ளிபாளையத்திலும் அவ்வாறே. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் விசைத்தறியை நம்பிய ஜனங்கள். தறியுடையவரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, நெய்த அளவுக்குக் கூலி பெறும் ஒருவனுக்குத் தறி நின்ற நாள் கடன் ஏறும் நாள். அவனுடைய உறவினரும் பெரும்பாலும் அதே தெருவில், அதே வெள்ளத்தில் இருப்பவர்கள். ஊரடங்கு அவனை ஏற்கெனவே ஒருமுறை ஒழித்திருந்தது. வீட்டுக்குள் இரு என்ற உபதேசம் ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் என்ன அர்த்தமாகும் என்பதை உபதேசித்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. உண்மையில் முகாமே கதியாக உள்ளவன் இவன்தான். ஆகவே மூன்றரைச் சதுர மீட்டர் இவனுக்கு முழுமையாகக் கிடைக்க வேண்டுமானால், வேறு போக்கிடமுள்ளவர் அனைவரும் முன்னதாகவே வேறிடம் போயிருக்க வேண்டும்.

அப்படிப் போவோரை நிர்வாகம் ஊக்குவிக்கிறதா என்றால், இல்லை என்றே சொல்லத் தோன்றுகிறது. முகாமுக்கு வந்தவனுக்கு மூன்று வேளைச் சோறும் பாயும் போர்வையும் உண்டு, அவன் பெயர் கணக்கில் ஏறும், அமைச்சர் வந்தால் அவனைப் பார்ப்பார். மச்சான் வீட்டுத் திண்ணைக்குப் போனவனோ கணக்கில் இல்லாதவன், அவன் குடும்பத்தின் சோறு மச்சானின் தலையில். எனவே போக்கிடம் உள்ளவனும் முகாமில் பெயரைப் பதிந்துவைக்கவே விரும்புகிறான். தாது வருஷத்தில் கஞ்சித் தொட்டியைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்ததும் இதே தர்க்கத்தால்தான்.

எச்சரிக்கையும் ஆளுக்கேற்றதாக இருக்க வேண்டும். தண்டோராப் போடும் வழக்கத்தை நிறுத்துமாறு தலைமைச் செயலாளர் ஆணையிட்டதும் காவிரி பெருகிய அதே 2022 ஆகஸ்டின் தொடக்கத்தில்தான். ஒரு சாதியினர்மேல் சுமத்தப்பட்ட இழிவை நீக்கிய அந்த ஆணை தகுந்ததே. அதன் இடத்தில் வந்த ஒலிபெருக்கி வண்டியோ கரையோர மக்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும் என்ற ஒரே வாக்கியத்தை எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறது. எந்தத் தெருவில் எந்த அளவு நீர்த் திறப்புக்குத் தண்ணீர் ஏறும் என்பது 2018, 2022 அனுபவங்களுக்குப் பின் கிராம நிர்வாக அலுவலருக்கும் நகராட்சி ஊழியருக்கும் தெரியாத ரகசியமன்று. ஒரு லட்சம் கன அடி என்றால் இந்தத் தெரு, ஒன்றரை லட்சம் என்றால் அடுத்தது என்று சொல்லிவிட்டால், ஜனங்கள் ஒரே இரவில் ஒரே வாசலில் நெருக்காமல், இரண்டு நாட்களில் சிறிது சிறிதாகப் பிரிவார்கள்.

மச்சான் வீட்டுச் சோற்றுக்கும் வழி இருக்கிறது. அதை வியாதிக் காலமே கற்றுக்கொடுத்தது. 2020 ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்களுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தபோதும், 2021இல் நாலாயிரம் ரூபாயை இரண்டு தவணையாகக் கொடுத்தபோதும், இன்ன தேதி இன்ன நேரம் என்று வீடுதோறும் டோக்கன் கொடுத்துத்தான் ரேஷன் கடைக் கூட்டத்தைக் கலைத்தார்கள். 2020 அக்டோபர் முதல், தன் ஊர்க் கடை என்றில்லாமல் வேறு கடையிலும் பொருள் வாங்கும் வசதி தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆற்றங்கரைத் தெருவின் அட்டைகளை, வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் மதகு திறப்பதற்கு முன்பே தனியாகக் குறித்துவைத்து, வெள்ள அறிவிப்பு வந்ததும் அந்த அட்டைக்குரிய குடும்பம் எந்த ஊரில் தங்கியிருக்கிறதோ அந்த ஊர்க் கடையில் பதினைந்து நாள் அரிசியும் பருப்பும் எண்ணெயும் கூடுதலாகக் கொடுப்பது, புதிய கட்டிடமோ புதிய சட்டமோ வேண்டாத காரியம். பொய்க்கணக்கு எழுதுவார்களே என்ற ஆட்சேபம் உடனே எழும். எழுதுவார்கள், முகாம்களில் எழுதாமலா இருக்கிறார்கள்? கைரேகை வைத்து வாங்கும் கடையில் எழுதும் பொய்யைப் பிறகு கண்டுபிடிக்கவாவது முடியும். உறவினர் வீட்டில் இரண்டு வாரம் தங்குவதில் உள்ள கௌரவக் குறைவு பற்றிய ஆட்சேபமே இதைவிட வலியது. அதற்குச் சர்க்காரிடம் பரிகாரம் இல்லை. ஆனால் மூட்டை அரிசியோடு வரும் விருந்தாளியை எந்த வீட்டிலும் சற்று நன்றாகவே வரவேற்கிறார்கள்.